பிரிட்டானியாவில் பொருள் சேர்த்தோர்

கணினியில் ஆடப்படும் மாய உலக விளையாட்டுகளில் பொருள் தேடுவது அவை தோன்றிய காலந்தொட்டே உள்ள வழக்கம் எனினும், தேடிய பொருளைத் தன் உடைமையாக ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பிந்தியே பரவலாயிற்று. வில் குரௌதர் தொடங்கி, டான் உட்ஸ் 1977இல் விரிவாக்கிய ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில், குகையில் கிடைத்த புதையலை வெளியிலிருந்த சிறு கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தால் புள்ளிகள் கிடைத்தன. ஆட்டம் முடிந்ததும் புதையலுக்கும் வேலை முடிந்துவிடும். பலர் ஒரே நேரத்தில் ஆடுவதற்கென எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ விளையாட்டிலோ, புதையலைச் சதுப்பு நிலத்தில் வீசியெறிந்தால்தான் புள்ளி சேரும்.

செய்பொருளுக்கு வேண்டிய மூலப்பொருளைச் சேகரிப்பதற்கு நுட்பமான வடிவம் தந்தவர்களுள் ரிச்சர்ட் கேரியட் முக்கியமானவர். அவருடைய ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் விளையாட்டில் (1985) மந்திரம் சொல்வதற்கு முன் அதற்குரிய கலவையைத் தயாரிக்க வேண்டும். பூண்டு, ஜின்செங், சிலந்தி நூல், கந்தகச் சாம்பல் முதலிய எட்டுச் சரக்குகளுள் ஆறு கடையில் கிடைத்தன. எஞ்சிய மாண்டிரேக் வேரையும் நைட்ஷேட் என்னும் நச்சுச் செடியையும், பிரிட்டானியா என்னும் அக்கற்பனை உலகின் இரு நிலவுகளும் மறைந்திருக்கும் வேளையில், குறிப்பிட்ட இடங்களுக்குச் சென்று தேடினால்தான் பெற முடியும்.

அதே பிரிட்டானியா உலகம், 1997 செப்டம்பரில் ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற பெயரில், ஆயிரக்கணக்கானோர் இணையம் வழியே ஒருங்கே வாழும் களமாகத் திறக்கப்பட்டபோது, சேகரிப்பு ஒரு பொருளாதாரச் சிக்கலாகவே மாறியது. ஆட்டக்காரர் வெளியேறிய பின்னும் உலகம் இயங்கிக்கொண்டிருந்தது. அவர் வாங்கிய வீடும், வீட்டுப் பெட்டியில் பூட்டிய பொருளும் அப்படியே இருந்தன. ராஃப் காஸ்டர் முதலிய வடிவமைப்பாளர்கள் தொடக்கத்தில் ‘மூடிய பொருளாதாரம்’ ஒன்றைத் திட்டமிட்டிருந்தனர். அதாவது, உலகிலுள்ள இரும்பு, மரம், தோல் ஆகியவற்றின் மொத்த அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். வாள் தேய்ந்து அழியும்போதும் விலங்கு மடியும்போதும் அவற்றிலடங்கிய மூலப்பொருள் பொதுக் கணக்குக்குத் திரும்பி, அங்கிருந்து புதிய தாதுவாகவும் புதிய விலங்காகவும் பிறக்கும். காகிதத்தில் குறை காண முடியாத இந்த ஏற்பாடு, மனிதர் எதையும் தூக்கியெறிய மனம் வராதவர் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. பயன்படாத சட்டைகளும் கத்திகளும் பெட்டிகளில் குவியக் குவிய, பொதுக் கணக்கு வறண்டு, புதியன தோன்றுவது தடைப்பட்டது. ஆகவே, மூலப்பொருள் ஒருபுறம் தடையின்றி ஊறவும், மறுபுறம் செலவும் தேய்மானமும் அதை வடிக்கவும் இடந்தரும் திறந்த முறைக்கு அவர்கள் மாற நேர்ந்தது.

கைத்தொழில் விதியும் இந்தக் குவிப்பைப் பெருக்கியது. செய்யச் செய்யவே திறன் வளரும் என்பது விதியாதலால், கொல்லர் பயிற்சிக்காகவே தேவைக்கு மிஞ்சிய ஆயுதங்களை வார்த்துத் தள்ளினர். அவற்றை வாங்குவதற்கு, கணினி இயக்கும் கடைக்காரர்களைத் தவிர வேறெவரும் பெரும்பாலும் இல்லை. ஆனால் திறனின் உச்சமான நூறை எட்டிய கொல்லரின் பெயர் அவர் செய்த வாளிலேயே பொறிக்கப்பட்டதால், அத்தகையோருக்கு ஊரறிந்த மதிப்பு ஏற்பட்டது. மினாக் நகரை ஒட்டிய மலைகளில் தாது வெட்டச் சென்றவர்கள் வழிப்பறிக்கும் கொலைக்கும் ஆளாவது அன்றாடச் செய்தியாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் உலகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றில் இத்தகைய தாக்குதல் தடைசெய்யப்பட்ட பின்னரே சுரங்கத் தொழில் அச்சமின்றி நடந்தது; தொழிலின் சுவை அதனால் குறைந்தது என்று வாதிட்டவர்களும் உண்டு.

இவற்றினும் விந்தையானது ‘ரேர்’ எனப்பட்ட அபூர்வப் பொருள்களின் சந்தை. காட்சி அலங்காரமாக வைக்கப்பட்ட பழக்கூடை, குதிரைச் சாணம் போன்றவற்றுள் சில, எடுக்க முடியாதபடி நிலைநிறுத்தப்படாமல் கவனக்குறைவாக விடுபட்டிருந்தன. வேறு சில, சர்வர், அதாவது உலகைத் தாங்கும் மையக் கணினி, ஒவ்வொரு முறை மீண்டும் இயக்கப்படும்போதும் புதிதாகத் தோன்றின. அந்த நொடிக்காகவே ஆட்டக்காரர்கள் உரிய இடத்தில் காத்துக் கிடந்தனர். போரிலோ தொழிலிலோ எதற்கும் உதவாத இவற்றுக்குக் கூர்வாளை விஞ்சிய விலை கிடைத்தது. தம் வீடுகளையே காட்சிக்கூடங்களாக்கி, பார்வையாளருக்குத் திறந்துவைத்தோரும் இருந்தனர். தங்க நாணயங்களும் வீடுகளும் ஈபே ஏலத் தளத்தில் உண்மையான டாலருக்குக் கைமாறத் தொடங்கியபின், ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் இவ்வுலகப் பொருள்களை வாங்கி விற்பதையே பிழைப்பாகக் கொள்ள முயன்று, அந்த அனுபவத்தை 2006இல் ‘பிளே மணி’ என்ற நூலாக்கினார். நிலைநிறுத்த மறந்த பொருளை விளையாட்டை நடத்திய நிறுவனம் பிழையெனத் திருத்தியபோதோ, இனி யாரும் எடுக்க வழியில்லாமற் போனதால், முன்பே எடுத்து வைத்திருந்தோரின் கூடைக்கு விலை மேலும் ஏறியது.