அடையாளம் தெரியாதது

வானத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு பொருளைப் பற்றி ஜனங்களிடம் பேசும்போது அரசாங்கம் இரண்டு விதமாகத் தவறலாம். தெரிந்ததை மறைக்கலாம்; தெரியாததைத் தெரிந்ததாக அறிவிக்கலாம்.

முதலாவது உலகப் பிரசித்தம். 1947 ஜூலையில் அமெரிக்காவின் ராஸ்வெல்லில் பறக்கும் தட்டு கிடைத்ததாக ராணுவம் அறிவித்தது. உடனேயே, இல்லை, வானிலை பலூன் என்றது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய ரகசியமாகப் பறக்கவிட்ட பலூன் அது என்று விமானப்படை சொன்னது 1994இல். இடைப்பட்ட 47 வருஷங்களில் அந்தத் தட்டுக்குள் வேற்றுக்கிரகவாசிகளின் பிணங்கள்கூட முளைத்துவிட்டன.

இரண்டாவதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டத்தில், நாட்றம்பள்ளி அருகே பாரதிதாசன் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. தரையில் ஒரு பள்ளம், நொறுங்கிய ஜன்னல் கண்ணாடிகள், மூவருக்குக் காயம், ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார். மறுநாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது. விழுந்தது விண்கல், இறந்தவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய், காயமடைந்தவர்களுக்குத் தலா 25,000. சில நாட்களிலேயே, படங்களைப் பார்த்தால் இது தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றது நாசா. சிறு விண்கற்கள் காற்றில் வேகமிழந்து விழுபவை. தரையைத் தொட்டு வெடிப்பவை அல்ல.

நிவாரணம் தருவதற்கு விண்கல் தேவையில்லை, மரணமே போதும். ஆனால் காரணம் என்ற கட்டம் காலியாக இருப்பதை நம் நிர்வாக மனம் சகிப்பதில்லை. இதில் உள்நோக்கம் இருந்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. விளைவு வேறு விஷயம். ஓராண்டுக்கு முன்புதான், 2015 ஜனவரி 31 அன்று, இதே மாவட்டத்து ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் இறந்தார்கள். சுவர் என்றால் யார் கட்டியது, யார் அனுமதித்தது என்று கேட்க முடியும். வானத்துக்குப் பொறுப்பாளி கிடையாது. விண்கல் என்ற வார்த்தை விழுந்த இடத்தில் அந்தக் கேள்விகளுக்கு இடமில்லாமல் போகிறது.

தெரியாததற்கும் ஒரு கட்டம் வைத்துக்கொள்ள முடியும். 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை பதிவு செய்த 12,618 காட்சிகளில் 701ஐ அடையாளம் தெரியாதவை என்றே விட்டுவைத்தது. பிரான்சின் விண்வெளி நிறுவனம் 1977இல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கி, 2007இல் கோப்புகளை எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டது. விசாரித்தும் விளங்காதவற்றுக்கு அங்கே தனி வகை உண்டு. அதனால் அரசின் கௌரவம் குறைந்துவிடவில்லை.

நாட்றம்பள்ளி வெடிப்புக்கு மறுநாள் மூன்று வாக்கியங்கள் போதுமாயிருந்தன. ஒருவர் இறந்திருக்கிறார். உதவித்தொகை தருகிறோம். காரணம் இன்னும் தெரியவில்லை. மூன்றாவது சொல்லப்படவில்லை. விளைவாக, இறந்தவரின் வீட்டுக்கு அவர் மரணத்துக்கு ஒரு பெயர் வந்துசேர்ந்தது. அதைச் சில நாட்களில் விஞ்ஞானிகள் மறுத்தார்கள்.