மண்ணின் வில்லங்கம்: ஓர் ஆவணத்தின் வரலாறு

1953 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ஒரு கிரயப் பத்திரம் எழுதப்பட்டது. விற்றது ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம். வாங்கியது நகரக் கல்வி வாரியம். விலை ஒரு டாலர். வெட்டத் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்ட 'லவ் கெனால்' கால்வாய்தான் அந்த நிலம். 1942 முதல் ஏறத்தாழ 21,000 டன் வேதிக் கழிவு அதில் கொட்டி மூடப்பட்டிருந்தது. நிறுவனம் இதை மறைக்கவில்லை. நிலத்தில் வேதிக் கழிவு நிரப்பப்பட்டுள்ளது என்பதும், அதனால் பின்னர் நேரும் கேட்டுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பதும் அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தன. வாரியம் பள்ளி கட்டியது. அதைச் சுற்றி வீடுகள் எழுந்தன. குடியேறியவர்களில் பலருக்குப் பத்திரத்தின் அந்த வாசகம் தெரியவே இல்லை.

1978 ஆகஸ்டில் அங்கு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இந்நிகழ்வின் அழுத்தத்தில் 1980 டிசம்பரில் 'சூப்பர்ஃபண்ட்' என்று பரவலாக அறியப்படும் சட்டம் பிறந்தது. மாசுபடுத்தியவர் மட்டுமல்லாமல், நிலத்தின் இன்றைய உரிமையாளரும் தூய்மைப்படுத்தும் செலவுக்குப் பொறுப்பாவார் என்பதே அதன் கூர்மை. ஒரு பிடி கழிவைக்கூடக் கொட்டாதவரும், வாங்கிய காரணத்தாலேயே கடனாளியாக நேர்ந்தது.

பிணை வைத்துக் கடன் கொடுப்போருக்குச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. ஆயினும் அந்த விலக்கின் எல்லை தெளிவாக இல்லை. மேரிலாந்து வங்கியொன்று, கடன் திரும்பாததால் அடமான நிலத்தை ஏலத்தில் தானே எடுத்துத் தன் உடைமையாக வைத்திருந்தது. கொடுத்த கடன் 3,35,000 டாலர். அந்நிலத்தைத் தூய்மைப்படுத்த அரசு செலவிட்டதோ ஏறத்தாழ 5,50,000 டாலர். வங்கியும் உரிமையாளரே என்று 1986இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் வந்த ஃப்ளீட் ஃபேக்டர்ஸ் தீர்ப்பு, கழிவு மேலாண்மையில் செல்வாக்குச் செலுத்தும் அளவுக்கு நிர்வாகத்தில் பங்குகொண்ட கடனளிப்பாளரும் பொறுப்பாகக்கூடும் என்றது. 1996இல் நாடாளுமன்றம் இந்தப் பொறுப்பின் எல்லையைச் சுருக்கியது. ஆனால் அதற்குள் நிலத்தின் பழங்கதையைக் கேட்காமல் கடன் கொடுக்கக் கூடாது என்பதை வங்கிகள் கற்றிருந்தன.

வாங்குவோருக்கு 1986இன் திருத்தம் ஒரு வாயிலைத் திறந்தது: வாங்குமுன் 'தகுந்த விசாரணை அனைத்தும்' செய்தும் மாசு தெரியவரவில்லையெனில் பொறுப்பிலிருந்து விலகலாம். தகுந்த விசாரணை எது? 1993இல் ஏஎஸ்டிஎம் என்னும் தர அமைப்பு அதற்கொரு செய்முறை வகுத்தது. 2002இன் சட்டம், மாசு இருப்பதை அறிந்தே வாங்குவோருக்கும் நிபந்தனைகளுடன் பாதுகாப்பளித்தது. 2006 நவம்பரில் இதற்கான அரசு விதியும் நடைமுறைக்கு வந்தது.

முதற்கட்ட மதிப்பீடு எனப்படும் இந்த ஆய்வில் பொதுவாக மண்ணைத் தோண்டுவதில்லை. இது பெரிதும் வாசிப்புப் பணி. பழைய வான்படங்கள், நகர முகவரி நூல்கள், அரசுப் பதிவேடுகள் ஆகியவற்றை ஆய்வாளர் புரட்டுகிறார்; நிலத்தை நேரில் பார்க்கிறார்; முன்னாள் உரிமையாளர்களிடம் கேட்கிறார். அவர் நாடும் சான்போர்ன் வரைபடங்கள், 19ஆம் நூற்றாண்டில் தீக்காப்பீட்டாளர்களுக்காக வரையப்படத் தொடங்கியவை. எந்தக் கட்டடம் எளிதில் எரியும் என்று குறித்து வைத்த தாள்கள், எந்த மனையில் எண்ணெய்த் தொட்டி இருந்தது என்பதற்கு இன்று சாட்சி. ஐயம் எழுந்தால் மட்டுமே இரண்டாம் கட்டமாக மண்ணும் நீரும் சோதிக்கப்படுகின்றன.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டறிய இயலாத முக்கியக் குறையை, அதை அறிந்த விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் வீடு வாங்குவோரின் 'சாதாரணக் கவனம்' நடைமுறையில் பெரும்பாலும் தாய்ப்பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் நின்றுவிடுகிறது. வில்லங்கச் சான்று பதிவான அடமானத்தைக் காட்டும். புதைந்த கழிவைக் காட்டாது. மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து மேலாள்வதற்கான விதிகள் 2025 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன.

அமெரிக்க ஏற்பாட்டையும் முழு விடையாகக் கொள்ள முடியாது. அந்த அறிக்கை காப்பது வாங்குவோரையும் கடன் கொடுப்போரையும். அந்த மண்ணில் வாடகைக்கு வாழ்வோரையோ பக்கத்துக் கிணற்று நீரைக் குடிப்போரையோ அன்று. விற்பனை நிகழாத இடத்தில் விசாரணையும் நிகழ்வதில்லை. போபால் ஆலையைச் சுற்றிய குடியிருப்புகளில் நிலத்தடி நீர் மாசடைந்தபோது, அம்மண்ணின் வரலாற்றைக் கேட்கும் தேவை எந்த வங்கிக்கும் இருக்கவில்லை. அதைக் கேட்டவர்கள் அங்கு வாழ்ந்த மக்களே. லவ் கெனாலிலும் தகவல் 1953 முதலே பத்திரத்தில் கிடந்தது. அதை அறியாமலிருப்பதால் இழப்பு யாருக்கு என்பதைச் சட்டம் மாற்றிய பிறகே அத்தகைய பத்திரங்களைப் படிக்க ஆள் கிடைத்தது. இந்திய விதிகளும் அந்த இழப்பை யார்மீது வைக்கின்றன என்பதைப் பொறுத்தே, இங்கு மண்ணின் வரலாறு வாசிக்கப்படும்.