கொங்குப் பருத்தியின் கதை – 17: கொட்டையில் அடக்கிய நஞ்சு

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் ஆலை தொடங்கியதையும், அதன்பின் நூற்பாலைகள் பெருகியதையும் சென்ற வாரம் பார்த்தோம். பஞ்சு ஆலைக்குப் போனது. கொட்டை மாட்டுத் தொட்டிக்குப் போனது.

ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டி, தண்ணீரில் கலந்து கறவை மாட்டுக்கு வைப்பது கொங்கு வழக்கம். ஒரு கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிர்ந்த பருப்பில் கரும்புள்ளிகள் தெரியும். காசிபால் என்னும் நஞ்சு தேங்கிய சுரப்பிகள் அவை. அசைபோடும் மாட்டின் வயிறு அதைப் பெருமளவு முறித்துவிடும். கோழிக்கும் மனிதருக்கும் அளவு மீறினால் ஆபத்து. ஒரு கிலோ பஞ்சோடு சுமார் 1.6 கிலோ கொட்டை கிடைக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். இத்தனை புரதமும் நம் தட்டுக்கு வராமலே போகிறது.

1950-களில் அமெரிக்காவில் சுரப்பியே இல்லாத பருத்தியை உருவாக்கினார்கள். இலையிலும் நஞ்சு இல்லாததால் பூச்சிகள் செடியைத் தின்று தீர்த்தன.

கொட்டையில் மட்டும் நஞ்சை அடக்க வழி பிறந்தது 1998-இல். ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு நுண்புழுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினார்கள், அதே வரிசை கொண்ட மரபணு அடங்கிப்போனது. டைசர் என்ற புரதம் அந்த இழையைச் சுமார் 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட் என்ற புரதம் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டுகிறது. மரபணு அப்படியே இருக்கும். அதன் செய்தி புரதமாவதற்குள் அறுந்துவிடும்.

   

ஃபயரும் மெல்லோவும் நோபல் பெற்ற 2006-லேயே, டெக்சாஸில் இந்திய வம்சாவளி விஞ்ஞானி கீர்த்தி ரத்தோர் குழுவினர் இதே முறையைப் பருத்தியில் கையாண்டார்கள். கொட்டையில் மட்டும் காசிபால் குறைந்தது. இலையின் காவல் அப்படியே நின்றது. 2018-இல் அமெரிக்கா சாகுபடிக்கு வழிவிட்டது. மறு ஆண்டு உணவுக்கும் அனுமதித்தது.

எம்.சி.யு 5, சுவின் ரகங்களை நாட்டுக்குத் தந்த ஊர் கோவை. இழைக்காக ரகம் கண்ட நம் ஆய்வாளர்கள் கொட்டைக்காகவும் காண வேண்டும். பாதுகாப்புச் சோதனைகளைக் குறைவின்றி முடித்து, உண்ணத் தகுந்த கொட்டை தரும் பருத்தியை உழவர் கையில் சேர்க்க வேண்டும்.