இரண்டு கடையும் ஒரு லாரியும்

கடைகள் பல இருப்பின் போட்டி உண்டாகும். போட்டி உண்டாயின் விலை தணியும் என்பது பொருளாதார நூலார் கூறும் பொது விதி. பட்டணத்தில் இவ்விதி ஒருவாறு செல்லும். தோட்டத்தில் செல்லுமா? நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருக்கும் நான், லயத்துக்குப் போகும் சாலையில் இரண்டு மளிகைக் கடைகளை நாள்தோறும் காண்கிறேன். உரிமையாளர் வேறு, பெயர்ப்பலகை வேறு, விலை மட்டும் ஒன்று. காரணம் ஆராயப் புகுந்தபோது விளங்கியது யாதெனின், இரு கடைகளுக்கும் பண்டம் இறக்குவது டவுனிலிருந்து வரும் ஒரே லாரி. இரு கடைக்காரரும் கடன்பட்டிருப்பது ஒரே மொத்த வியாபாரியிடம். ஆகவே, தொழிலாளி தன் கூலியைச் சுதந்திரமாகச் செலவிடுகிறானா என்னும் வினாவுக்கு விடை கடை வாசலில் இல்லை. பண்டம் வந்த வழியில் இருக்கிறது. அவ்வழியின் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது, நம் முன்னோரிற் பலரைக் கிராமத்திலிருந்து அழைத்து வந்தவன் கங்காணி. 1938இல் இந்திய சர்க்கார் தடை விதித்த பின்னரே ஆள் திரட்டும் அவ்வழக்கம் அடியோடு நின்றது. ஆள் சேர்த்தவனும் அவனே. வேலை வாங்கியவனும் அவனே. பல தோட்டங்களில் கடை வைத்தவனும் வட்டிக்குக் கொடுத்தவனும் அவனே. அரிசி, கருவாடு, மிளகாய், புளி, புகையிலை யாவும் கணக்கில் ஏறின. சம்பள நாளன்று தொழிலாளி பெற்ற பணம், லயம் போய்ச் சேருமுன் கடைக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்பார்க்கு ஒன்று சொல்வோம்: டவுனோ தொலைவு, கையிலோ ரொக்கமில்லை, கங்காணியின் மனம் கோணினால் மறுநாள் வேலை என்னாகுமோ என்ற அச்சம் வேறு.

இக்கொடுமை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்திலும் முதலாளிகள் பலர், கூலிக்குப் பதிலாகத் தங்கள் கடைச் சரக்கையே அளந்து வந்தனர். கூலியை நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்று 1831இல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. அக்கொள்கையே மலாயாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலும் இடம்பெற்றது. கூலியை எங்கே, எவ்வாறு, யாரிடம் செலவிடுவது என்று முதலாளி விதிக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு. மதுக்கடையிலும், அங்கேயே வேலை செய்வோர்க்கன்றிச் சில்லறைக் கடையிலும், கூலி வழங்கலாகாது என்கிறது 28ஆம் பிரிவு. நல்ல விதிகளே. ஆயினும் அவை விடுவித்தது தொழிலாளியின் கையை. கடைக்காரரின் கையை அன்று. "இக்கடையில்தான் வாங்கு" என்று முதலாளி சொல்லக்கூடாது. "என்னிடமே சரக்கெடு; நான் சொல்லும் விலைக்கே விற்பாய்" என்று மொத்த வியாபாரி கடைக்காரரிடம் சொன்னால்? அந்நோய்க்கு அச்சட்டத்தில் மருந்தில்லை.

மருந்து தேடியவர் வேறு சிலர். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய 28 பேர், 28 பவுன் முதல் சேர்த்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி முதலிய சில பண்டங்களுடன் ஒரு கடை திறந்தனர். கலப்படமற்ற சரக்கு, சரியான நிறை, வாங்குவோர்க்கே லாபப் பங்கு என்பன அவர்தம் நியதிகள். இக்கதையைப் பலரும் அறிவர். இதன் இரண்டாம் அத்தியாயத்தை அறிந்தோர் சிலரே. இத்தகைய கடைகள் பெருகிய பின், ஒவ்வொன்றும் தனித்தனியே மொத்த வியாபாரியிடம் போய் நின்றால் லாபம் அங்கேயே தங்கிவிடும் என்று கண்டு, 1863இல் மான்செஸ்டரில் தமக்கென்று ஒரு மொத்தக் கொள்முதல் சங்கத்தையே நிறுவினர். இயக்கத்துக்கு முதுகெலும்பாய் அமைந்தது அதுவே.

தமிழ்நாட்டில், 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்நெறியில் முன்னடந்தது. நம் மலாய் நாட்டிலோ, 1922இல் ஐக்கிய சங்கச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளரிடையேயும் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. சேமிப்பையும் கடனையும் அவை கவனித்தன. வட்டிக்காரனின் பிடியைத் தளர்த்தின. அரிசி மூட்டை எவ்வழியாக வருகிறது என்பது அவற்றின் கவலையாக இருக்கவில்லை.

அங்ஙனமாயின் மொத்த வியாபாரத்தைச் சர்க்காரே கட்டியாளட்டுமே எனலாம். இங்கே எச்சரிக்கை வேண்டும். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் முக்கியப் பண்டங்களின் விநியோகம் 'குமியாய்' என்னும் சங்கங்களிடம் ஏகபோகமாக ஒப்படைக்கப்பட்டது. வெளிநாட்டு அரிசி வரவு குன்றியது. மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். கள்ளச் சந்தை கொழுத்தது. பின்னர் வந்த 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம், சர்க்கரை, கோதுமை மாவு, சமையலெண்ணெய் போன்றவற்றை விற்போர்க்கு லைசென்ஸ் முறையை ஏற்படுத்திற்று. பதுக்கலைத் தடுக்க அது வேண்டியதே. ஆயினும் லைசென்ஸ் ஒரு கதவு. கள்வனைத் தடுக்கும் கதவு புதியவனையும் தடுக்கக்கூடும். அரிசி இறக்குமதி உரிமையோ 1996 முதல் பெர்னாஸ் என்னும் ஒரே நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டுள்ளது.

விலையைக் கட்டுவதைவிட வழியைத் திறப்பதே மேல் என்ற எண்ணம் அண்மையில்தான் சட்ட உருப் பெற்றது. 2012 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த நம் நாட்டுப் போட்டிச் சட்டம், வியாபாரிகள் கூடி விலை பேசி வைப்பதைத் தடுக்கிறது. சந்தையில் ஆதிக்கம் பெற்றவர் தகுந்த காரணமின்றிச் சரக்குத் தர மறுத்துப் போட்டியைக் கெடுப்பதையும் குற்றமெனக் கருதுகிறது. நியூசிலாந்து இன்னும் ஒருபடி மேலே சென்றது. பெரும் மளிகை நிறுவனங்கள் தம் மொத்தச் சரக்கைப் போட்டிக் கடைகளுக்கும் விற்க வழி செய்ய வேண்டும் என்று 2023இல் அது சட்டமியற்றி, அதனைக் கண்காணிக்கத் தனி ஆணையரையும் நியமித்தது. முதலில் வியாபார முறையில் பேசிக்கொள்ளட்டும். அது பலிக்காவிடில் சர்க்கார் தலையிடும் என்பது அதன் முறை.

கடைக்காரரைத் தூற்றுவது என் நோக்கமன்று. சம்பளத்துக்கு முன் குழந்தைக்குப் பால்மாவு வேண்டுமாயின், 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகத்தில் எழுதிக்கொண்டு கொடுப்பவர் அவரே. வேறிடத்தில் மலிவாய்க் கிடைத்தால் வாங்கலாமே என்று அவ்விருவரில் ஒருவரைக் கேட்டேன். "பழைய பாக்கியைக் கட்டினால்தானே, கிராணியாரே, வேறு லாரியைக் கூப்பிட முடியும்?" என்றார். தொழிலாளியின் கடன் புத்தகம் கடையில் இருக்கிறது; கடைக்காரரின் கடன் புத்தகம் டவுனில் இருக்கிறது.

ஆதலால் செய்ய வேண்டியவை இரண்டு. சட்டம் தந்த உரிமையை அதிகாரிகள் பெருநகரங்களோடு நிறுத்தாமல் தோட்டத்துச் சாலை வரை கொண்டுவர வேண்டும். சிறு கடைக்காரர்களும் தொழிலாளர் ஐக்கிய சங்கங்களும் ஒன்றுகூடி, அரிசி, எண்ணெய், பருப்பு என்னும் மூன்று பண்டங்களையாவது நேரே கொள்முதல் செய்யப் பழக வேண்டும். படித்த இளைஞர்கள் டவுன் விலையையும் தோட்ட விலையையும் வாரந்தோறும் எழுதி மண்டபத்துப் பலகையில் ஒட்டுவதற்கு முதலும் வேண்டா, லைசென்ஸும் வேண்டா. அன்பர்களே, முதற்காரியமாக அதனைத் தொடங்குவீர்களாக.