சிறுவலுப் பெருக்கியும் பெருங்குரற் கூம்பும்



சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே மின்கருவிகள் வருமுன்னர், மலைக்கு மலை செய்தி கொண்டு சென்றவை தப்பும் மனிதக் குரலுமேயாம். விடியுமுன் பிரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு முழங்கும். எதிர்மலையில் நிற்பவரை அழைக்க வேண்டின், இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவுவர். கையைக் குவித்தவர் தம் மூச்சின் வலுவைக் கூட்டிக்கொள்ளவில்லை. உள்ள மூச்சை வீணாக்காது காற்றினிடம் ஒப்படைத்தார். இன்று நான் கூறவிருக்கும் வரலாறு பெரும்பாலும் இச்சிறு செயலின் விரிவே.

தொடங்குமுன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கண்ணாடிக்குள் வெற்றிடம் அமைந்த கருவியையும் குழாய் என்கிறோம். கோவில் மரத்தில் கட்டும் புனல் வடிவான கருவியையும் குழாய் என்கிறோம். ஆதலால் முன்னதை வால்வு என்றும், பின்னதைக் கூம்பு என்றும் இப்பேச்சில் வழங்குவேன்.

மூன்று மின்வாய் கொண்ட வால்வை லீ டி ஃபாரஸ்ட் 1906ஆம் ஆண்டில் அமைத்தார். 1915இல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரித்தாம் என்னும் இருவர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச் சுருளை ஒரு கூம்பின் அடியிற் பொருத்திப் பொதுமக்கள் முன்னிலையில் முழக்கிக் காட்டினர். நான்கு ஆண்டுகளின் பின், 1919இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் சான் டியேகோ நகர விளையாட்டரங்கிலே ஏறத்தாழ 50,000 பேருக்கு இவர்களின் கருவி வாயிலாகப் பேசினார். நம் நாட்டில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் முன்னின்று நடத்திய சோதனைகளின் பயனாக, 1925இல் கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. அக்காலத்துச் சிறு வால்வுகள் தந்த வலு மிகச் சொற்பம். கேட்போர் காதிற் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். அன்றேல் ஒரு கூம்பை வைத்துக்கொள்ள வேண்டும். வேறு வழி இருந்ததில்லை.

அதே 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கூம்பின்றிக் கடதாசித் திரை தானே காற்றை அசைக்கும் ஒலிபெருக்கியை விளக்கி எழுதினர். இன்று உங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் உள்ளது அதன் வழித்தோன்றலே. சிறியது, மலிவானது, இனிய குரலுடையது. ஆயின், தனக்கு ஊட்டப்படும் மின்வலுவில் நூற்றுக்கு ஒன்றோ சிலவோ மட்டும் ஒலியாக்கி, எஞ்சியதை வெப்பமாகக் கழித்துவிடும். மாறாக, 1926இல் பேசும்படத்துக்கென வெஸ்டர்ன் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் வென்டேயும் துராஸும் அமைத்த 555 என்னும் கருவி, தக்க கூம்போடு சேரும்போது வலுவிற் கால்பங்குக்கும் மேலாக ஒலியாக்க வல்லது. பெரிய படமாளிகைகளை அன்று நிரப்பிய வால்வுப் பெருக்கிகளின் வலுவைக் கேட்டால், இக்கால இளைஞர் நகைப்பர்.

இதனை நம் ஊர்க் கணக்கிற் பார்ப்போம். 6வி6 என்னும் வால்வு ஒன்று தனித்து நின்று 250 வோல்ட் அழுத்தத்தில் 4.5 வாட் ஒலிவலுத் தரும். அதற்கு அது உண்பது, இழையைச் சூடேற்றுவதும் சேர, ஏறத்தாழ 15 வாட். ஒரு வாட் ஊட்டி ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் 105 டெசிபெல் தரும் கூம்பும் உண்டு. 85 டெசிபெல் மட்டும் தரும் சிறு பெட்டியும் உண்டு. இருபதுதானே வேறுபாடு என எண்ணற்க. பத்து டெசிபெல் என்பது வலுவிற் பத்து மடங்கு. இருபது என்பது நூறு மடங்கு. கூம்பு 4.5 வாட்டில் முழங்குவது போல் அப்பெட்டியும் முழங்க வேண்டின் 450 வாட் ஊட்டவேண்டும். அதற்குள் அது எரிந்தே போகும்!

கோவிலிலிருந்து லயம் 100 மீற்றர் தொலைவில் உள்ளதெனக் கொள்வோம். திறந்த வெளியில் அத்தொலைவு 40 டெசிபெல்லைத் தின்றுவிடும். கூம்பின் குரல் 71 டெசிபெல்லாக வந்து சேரும். அஃது எதிரே நின்று பேசுபவரின் குரலினும் உரத்தது. பெட்டியின் குரலோ 51 ஆகும். ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்கு அது கேட்டதும் ஒன்றே, கேளாததும் ஒன்றே.

தோட்ட லயன்களுட் பல நெடுங்காலம் மின்வெளிச்சம் காணாதிருந்தன. மாரியம்மன் திருவிழாவாயினும், தொழிற்சங்கக் கூட்டமாயினும், லொறிப் பற்றரியே தஞ்சம். இங்ஙனம் வலு அரிதாயிருந்த இடத்திற் கூம்பு ஆடம்பரமன்று. அதுவே கருவியைச் சாத்தியமாக்கியது. காந்தியடிகள் 1927இல் இலங்கைக்கு வந்தபோது, பொதுக்கூட்டங்களில் ஒலிபெருக்கி வழக்கமாகியிருக்கவில்லை. இந்தியாவிலே 1931இல் நடந்த கராச்சிக் காங்கிரசுக்கு நானிக் மோட்வானி ஒலிபெருக்கிகளை அமைத்துக் கொடுத்த பின்னரே, கூம்பு அரசியல் மேடையின் உறுப்பாயிற்று. பேச்சாளரை அண்மையில் நின்றவர் மட்டுமன்றிக் கடைசி வரிசையிற் குழந்தையோடு நின்ற பெண்ணும் கேட்டாள் என்பதை, நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை.

வலுவும் திறனும் ஒத்தால் மட்டும் போதாது. வால்வு 5000 ஓம் தடையை எதிர்நோக்குகிறது. ஒலிபெருக்கியோ 8 ஓம் மட்டுமே உடையது. இவ்விரண்டையும் இணைத்துவைப்பது வெளியீட்டு மின்மாற்றி. 5000ஐ 8ஆல் வகுக்க 625. அதன் வர்க்கமூலம் 25. ஆகவே முதற்சுற்றில் 25 வளையத்துக்கு இரண்டாஞ்சுற்றில் ஒன்று என அமைத்தல் வேண்டும். 16 ஓம் கூம்புகள் இரண்டினைச் சமாந்தரமாக இணைத்தால் 8 ஓம் ஆகும், பொருந்தும். அவற்றையே தொடராக இணைத்தால் 32 ஓம் ஆகி, வலுக் குன்றும், குரலும் கெடும். கூம்பின் கம்பியைக் கழற்றிவிட்டு வால்வுப் பெருக்கியை உரக்க ஓடவிடுதல் எல்லாவற்றிலும் கொடிது. அப்பொழுது மின்மாற்றியில் எழும் உயரழுத்தம் அதன் உறையைத் துளைத்துவிடும். இக்காலத்து டிரான்சிஸ்டர்ப் பெருக்கிகளிற் பெரும்பாலானவற்றிற் கம்பி கழன்றாற் கேடில்லை. கம்பிகள் ஒன்றோடொன்று முட்டினாற்றான் கேடு. பழையதைக் கையாளுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

பின்னர் என்ன நிகழ்ந்தது? 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப்புகாத சிறு பெட்டியில் ஆழ்ந்த மந்தர ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கியை வெளியிட்டார். ஐம்பது அதிர்வு கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். அதனைக் கூம்பினால் எழுப்ப வேண்டின் கூம்பு ஓர் அறை அளவு பெருக்கும். பால் கிளிப்ஷ் 1940களில் வீட்டு மூலையின் சுவர்களையே கூம்பின் நீட்சியாகக் கொண்டது இதனாலேயே. வில்ச்சரின் பெட்டி அலுமாரித் தட்டில் அடங்கியது. விலையாக அது கேட்டது வலுவை. டிரான்சிஸ்டர் அவ்வலுவை மலிவாக வழங்கவே, சிறுபெட்டி வென்றது. இங்கும் 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின், கசற்றுப் பெட்டிகள் கடைகளை நிறைத்தன. வால்வுப் பெருக்கிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

போனவற்றுட் சில தகுதியற்றவை அல்ல. கேகாலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், விளையாட்டுப் போட்டிக்கு முன் பழைய வால்வுப் பெருக்கியைப் புதிய சிறு பெட்டிகளோடு இணைத்துப் பார்த்தனர். குரல் கரகரத்தது; கருவி கெட்டதெனத் தீர்ப்பளித்தனர். பொருட்காப்பறையின் மூலையிற் கிடந்த கூம்பைப் பெரிய மாணவர் சிலர் எடுத்து வந்து மாட்டினர். அதன்பின் அறிவிப்பாளரை மைதானத்துக்கு அப்பாலுள்ள வீதியிற் சென்றோரும் நின்று கேட்டனர். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 300பி வால்வு தரும் 8 வாட்டுக்கென நூறு டெசிபெல்லுக்குக் குறையாத கூம்புகளைத் தேடிப் பெரும்பணம் கொடுப்போர் இன்றும் உளர். அவர் நாடுவது இசையின்பம். நாம் அன்று நாடியது கேட்டாற்போதும் என்பது. பொருத்தம் இரண்டிற்கும் ஒன்றே.

கூம்புக்கும் குறையுண்டு. மந்தர ஒலி அதற்கு ஒவ்வாது. தன் எல்லைக்குக் கீழ்ப்பட்ட ஒலியை ஊட்டினால், கூம்பின் காற்று தாங்காமையால் திரை கட்டற்று அசைந்து கிழியும். பறையொலி நிறைந்த பாடல்களை இரவு முழுதும் முழக்கிய திருவிழாக்களில் அடிக்கடி அறுந்தது இத்திரையே. கூம்புக்குச் செல்லும் கம்பியில் தக்க மின்கொள்ளளவி ஒன்றைத் தொடராகச் சேர்த்தால், மந்தர ஒலி தடுக்கப்பட்டுத் திரை பிழைக்கும்.