பழைய காரும் பழையனூர் வாக்கும்

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையைக் கேளாதவர் இப்பகுதியில் குறைவு. வணிகன் ஒருவனின் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர், அவன் கொல்லப்பட்டதும் சொன்ன சொல்லைக் காக்கத் தீப்பாய்ந்தனர் என்பது அக்கதை. அதே பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு முதலாம் இராசேந்திர சோழன் கொடையளித்தபோது, அது செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. வாய்ச்சொல்லுக்கு உயிர் கொடுத்த மண்ணிலும் எழுத்துச் சான்று தேவைப்பட்டது. பழைய கார் வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டியது இந்தச் செப்பேட்டைத்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்வோருக்கும், திருவள்ளூரின் சிறு வணிகர்களுக்கும் முதல் கார் என்பது பெரும்பாலும் பிறர் ஓட்டிய கார்தான். சேமிப்பும் கடனுமாகச் சில இலட்சங்களைக் கொடுத்து வாங்கிய வண்டி இரண்டே வாரத்தில் கியர் பெட்டி பழுதாகி நின்றால், 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார் வியாபாரி. வண்டி ஓடாவிட்டாலும் மாதத் தவணை நிற்பதில்லை.

பொருளியல் வகுப்புகளில் நான் பல்லாண்டு விளக்கிய பாடம் இதுவே. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை, பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே, வாங்குபவர் சராசரி விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க உரிமையாளர் விரும்பார். நல்லவை விலக, பழுதானவையே சந்தையில் எஞ்சும். இந்த ஆய்வுக்காக அவர் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதற்கு அவர் சுட்டிய மாற்றுகளுள் ஒன்று, விற்பவர் தரும் உத்தரவாதம்.

நம் நாட்டில் சட்டம் கைவிட்டுவிடவில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருள்களுக்கு விலக்கு அளிக்கவில்லை. ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காதபோது 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். வாடகைக்கு விடும் நோக்கில் வாங்கினால் நுகர்வோர் என்ற தகுதி கிடைக்காது. ஆனால், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவருக்கு அத்தகுதி உண்டு.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமோ, பரிசோதித்தபோது புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு வியாபாரியைப் பொறுப்பாக்காது. பொறுப்பை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளவும் இடம் தருகிறது. ஆகவே 'உள்ளது உள்ளபடி' என்று அச்சிட்ட தாளில் படிக்காமல் கையெழுத்திடலாகாது. எனினும், ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பதை மறைப்பதும் எந்த வாசகத்தாலும் நியாயமாகிவிடா.

'நான் இடைத்தரகர் மட்டுமே' என்பது வழக்கமான மற்றொரு பதில். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவு பெற்ற வாகனங்களை வாங்கி விற்பவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை உரிமையாளர் முறைப்படி தெரிவித்துவிட்டால், வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் முதல் கடமை.

பழுது தெரிந்தால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டவோ வேறிடத்தில் பிரிக்கவோ கூடாது. தகுதியுள்ள பணிமனையில் எழுத்துப்பூர்வ அறிக்கை பெற்று, விளம்பரம், ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல் ஆகியவற்றைத் திரட்டி, பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். தீர்வு இல்லையெனில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வியாபாரி சென்னையில் இருந்தாலும், நாம் வசிக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பழுது நீக்கம், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம்.

ஆயினும் குறையை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர் தோளில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் வந்த சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொதுவாக, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும்; இல்லையென நிறுவ வேண்டியவர் விற்றவரே. வண்டியைப் பற்றி அதிகம் அறிந்தவர் மீது சுமையை வைப்பதே பொருளியல் நோக்கிலும் சரி.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு வியாபாரியும் இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் குறைந்தது மூன்று மாத எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தர வேண்டும் என்பதை அங்கீகார நிபந்தனையாகவே மத்திய அரசு சேர்க்கலாம். நேர்மையான வியாபாரிக்கு இதனால் இழப்பில்லை. அவர் தரும் நல்ல காருக்கு உரிய விலை கிடைக்கும். வாங்கியவரும் தவணை கட்டுவதற்காக ஓடாத வண்டியின் முன் நிற்க நேராது.