நாட்காட்டித் தாளும் வெள்ளிக் கோளும்

ஆடிப் பதினெட்டாம் நாளன்று காவிரிக் கரையில் உள்ளவர்கள் புதுப்புனலை வரவேற்பார்கள். காவிரி பாயாத நமது சிவகாசியிலோ அன்று வரவிருக்கும் ஆண்டையே வரவேற்றுவிடுவார்கள். புத்தாண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்களை அச்சகங்கள் வெளியிடும் நாள் அது. அன்று தொடங்கும் வேலை மார்கழி வரை ஓயாது. நாடெங்கும் உள்ள வீடுகளின் சுவர்களில் தொங்கப்போகும் தினசரிக் காலண்டர்கள் நமது தெருக்களில்தான் அடுக்கப்பட்டு, தைக்கப்பட்டு, கட்டப்படுகின்றன.

அந்தத் தாள் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் தேதி; அதன் அடியில் பொடி எழுத்தில் திதி, நட்சத்திரம், சூரிய உதயம், கிரகண நேரம். மாலையில் கிழித்துக் கசக்கி எறியப்போகும் ஒரு தாளில், கோள்களின் பயணம் முன்கூட்டியே அச்சாகியிருக்கிறது. இந்தக் கணக்கை யார் போட்டார்கள்? யாருக்காகப் போட்டார்கள்? இந்த இரண்டாவது கேள்வியை நம்மிடம் கேட்டவன் ஒரு சிறுவன்.

2004ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள். நாம் இளங்குருவாக இந்தப் பட்டாசு வட்டாரத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றிய காலம். அன்று வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து செல்லும் என்று செய்தித்தாள்கள் எழுதியிருந்தன. பங்கு இல்லத்து முற்றத்தில் சிறுவர்களைக் கூட்டி, அடர்ந்த வெல்டிங் கண்ணாடி ஒன்றின் வழியே மாறி மாறிப் பார்த்தோம். முற்பகல் பதினொரு மணிக்கு மேல், தாம்பாளத்தின் மேல் வைத்த மிளகு போல, சூரிய வட்டத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. தீப்பெட்டிக் குச்சி அடுக்கிப் பிழைக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் கண்ணாடியைக் கீழே வைக்கவே மனமில்லாமல் நின்றான்.

"இனி எப்ப சாமி வரும்?" என்றான்.

"2012இல் ஒருமுறை. அதை விட்டால் 2117இல்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப நம்ம யாருமே இருக்க மாட்டோமே. பிறகு யாருக்காகச் சாமி கணக்குப் போட்டு வச்சிருக்காங்க?"

அன்று நாம் சிரித்துச் சமாளித்துவிட்டோம். உண்மையான விடை நமது தமிழ் மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். அதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

பாண்டிச்சேரிக்கு வந்த விருந்தாளி

பதினெட்டாம் நூற்றாண்டின் வானியலார்களுக்கு ஒரு குறை இருந்தது. சூரியனிலிருந்து இந்தக் கோள் இத்தனை மடங்கு தொலைவு, அந்தக் கோள் அத்தனை மடங்கு தொலைவு என்று விகிதங்கள் தெரிந்திருந்தன. ஆனால், ஒரு தொலைவாவது மெய்யான அளவில் உறுதியாகத் தெரியவில்லை. அளவுகோல் குறிக்கப்படாத வரைபடம் போல இருந்தது சூரிய மண்டலம்.

ஒரு விரலை நீட்டிப் பிடித்து, இடக்கண்ணால் ஒருமுறையும் வலக்கண்ணால் ஒருமுறையும் பாருங்கள். பின்சுவரில் விரல் இடம் மாறுவதாகத் தோன்றும். அதுபோல, பூமியின் தொலைதூர மூலைகளிலிருந்து பலர் வெள்ளிக் கடப்பைப் பார்த்து நேரத்தைக் குறித்தால், அந்த வேறுபாட்டைக் கொண்டு சூரியனின் தொலைவை அளந்துவிடலாம். இதை 1716இல் விரிவாக எடுத்துரைத்தவர் இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி. அடுத்த கடப்பு 1761இல். அப்போது தமக்கு நூறு வயதைத் தாண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, தாம் காணமாட்டாத ஒரு நாளுக்கான வேலையைப் பின்வரும் தலைமுறையிடம் ஒப்படைத்துவிட்டு, 1742இல் கண்மூடினார்.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் கியோம் லெ ஜான்தீ. இறையியல் பயில்வதற்காகப் பாரிசுக்கு வந்தவர். வானியல் பேராசிரியர் ஒருவரின் விரிவுரையைக் கேட்கப் போய், வானத்தின் பக்கம் திரும்பியவர். வெள்ளிக் கடப்பைப் பாண்டிச்சேரியிலிருந்து காண்பதற்காக 1760 மார்ச்சில் கப்பலேறினார்.

அது பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். 1761 மே மாத இறுதியில் மலபார்க் கரையை நெருங்கியபோதுதான், பாண்டிச்சேரி சனவரியிலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்ட செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. ஜூன் 6ஆம் நாள் கடப்பு நிகழ்ந்தபோது லெ ஜான்தீ நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாகவே இருந்தது. ஆனால், ஆடும் தளத்தில் நின்று நொடிக் கணக்கில் நேரம் குறிப்பது எங்ஙனம்?

வெள்ளிக் கடப்பு எட்டாண்டு இடைவெளியில் இரட்டையாக வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. அடுத்தது 1769 ஜூனில். அதற்காக இந்தியப் பெருங்கடல் பக்கத்திலேயே தங்கிவிடத் துணிந்தார். பாண்டிச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின், 1768 மார்ச்சில் இங்கே வந்து சேர்ந்தார். இடிந்த கோட்டையின் சிதைவுகள் மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் எழுந்தது. அதன் அடித்தளத்தில் இருந்தது வெடிமருந்துக் கிடங்கு! வெடிமருந்தின் மேல் அமர்ந்து வானத்தைப் பார்த்த அந்த மனிதரை நமது வட்டாரத்து மக்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவலாக அனுப்பியவர்கள் சென்னையின் ஆங்கிலேயர்கள். எந்த ஆங்கிலேயர்கள் அந்த நகரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் இடித்துத் தரைமட்டமாக்கினார்களோ, அவர்கள்தாம்!

மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிந்திருந்தது. கடப்புக்கு முந்தைய இரவும் அப்படியே. ஜூன் 4ஆம் நாள் விடியலில் மேகம் திரண்டது. கடப்பு நிகழ்ந்த நேரமெல்லாம் சூரியன் முகங்காட்டவில்லை. எல்லாம் முடிந்தபின் வெளிவந்து, நாள் முழுதும் காய்ந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் மனம் சோர்ந்து கிடந்தார். நாட்குறிப்பை எழுதவும் பேனா ஓடவில்லை. நோயோடு போராடி, 1771 அக்டோபரில் தாயகம் திரும்பினார். அங்கே அவரை இறந்தவராக எண்ணிச் சொத்தைப் பங்கிட உறவினர் முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவர் இடமும் வேறொருவருக்குப் போயிருந்தது.

சோழி பரப்பிய தமிழர்

அப்படியானால் பதினொரு ஆண்டுகளும் வீணா? அன்று. பாண்டிச்சேரியில் காத்திருந்த நாள்களில், தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையை லெ ஜான்தீ உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து கற்றார். தாளும் இல்லை, மையும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தி, மனனம் செய்த வாக்கியங்களின் துணையால் அந்தத் தமிழர் கணக்கிட்டார்.

1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்துக்கு அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தார் லெ ஜான்தீ. கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்குப் பிழைத்தது 41 நொடி. ஐரோப்பாவில் சிறந்தவை என்று போற்றப்பட்ட தோபியாசு மாயரின் அட்டவணைகள் பிழைத்தது 68 நொடி. இதை அவர் மறைக்கவில்லை. தமது பயண நூலில் ஐரோப்பா அறிய எழுதினார். தாம் தேடி வந்ததை இழந்தவர், தேடாத ஒன்றைக் கண்டு, அதற்கு உண்மையான சாட்சியாகவும் நின்றார். அந்த வாக்கிய மரபுதான் இன்றும் வாக்கியப் பஞ்சாங்கமாகத் தொடர்ந்து, நமது அச்சகங்களுக்கு வந்து சேருகிறது.

1769இன் கடப்பை உலகின் பல மூலைகளில் மற்றவர்கள் கண்டு அளந்தார்கள். அவர்களின் குறிப்புகளை ஒன்றுசேர்த்து, சூரியனின் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் என்னும் அளவுக்கு அருகே வந்தார்கள். நார்வேயின் வடமுனையில் அளந்தவர் மாக்சிமிலியன் ஹெல் என்னும் இயேசு சபைக் குரு. குறிப்பேட்டில் பின்னர் வேறு மையால் திருத்திவிட்டார் என்று, அவர் இறந்தபின் பழி எழுந்தது. 1883இல் அமெரிக்க வானியலார் சைமன் நியூகோம் அந்த ஏட்டை நேரில் ஆராய்ந்து, குற்றஞ்சாட்டியவருக்கே நிறக்குருடு இருந்ததைக் கண்டு, குருவின் நேர்மையை நிலைநாட்டினார். அறிவியலார்களின் குடும்பத்திலும் அவதூறு உண்டு. ஆனால், அதைத் திருத்தும் பொறுப்பை ஏற்பவரும் உண்டு.

காவலூரின் இரவு

இந்த ஆர்வத்தீ நம்மிடையே அணையவில்லை. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1861இல் போக்சன் கண்டெடுத்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயரிட்டார்கள். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பர் 9இல் நிகழவிருந்த வெள்ளிக் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்க, இருவர் உரையாடும் வடிவில் சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். அறிந்ததைத் தனக்குள் பூட்டி வைக்காத பண்பு அது.

பின்னர் வந்தவர் வைணு பாப்பு. 1949இல், மாணவராக இருந்தபோதே அமெரிக்காவில் ஒரு வால்மீனைக் கண்டவர். தாயகம் திரும்பி, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்றார். சவ்வாது மலையின் காவலூர்க் காட்டில் இருண்ட வானத்தைத் தேடிப் பிடித்தவர் அவரே. 1968இல் அங்கே முதலில் நின்ற 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டே, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்னும் அறிகுறியைக் காவலூரும் இந்தோனேசியாவின் லெம்பாங்கும் சேர்ந்து பதிவு செய்தன.

1977 மார்ச் 10ஆம் நாள் இரவு. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தது. எதிர்பாராத வேளையில் விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டதைக் காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் கண்டனர். புதிய துணைக்கோள் ஒன்று என்றே முதலில் கருதி எழுதினர். ஆனால், அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கர்களும், பிற இடங்களில் பார்த்தவர்களும் தத்தம் பதிவுகளை முன்வைத்தனர். எல்லாவற்றையும் ஒப்பிட்டபோதுதான் உண்மை புலப்பட்டது: அது துணைக்கோள் அன்று, யுரேனசைச் சுற்றிய வளையம். ஒருவர் கண்டது ஒரு மங்கல்தான். பலர் கண்டதைச் சேர்த்தபோதே அது வளையமாயிற்று.

தோல்வியைச் சுமந்து மேலே செல்வதும் அதே மரபுதான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவில் மோதி அழிந்தது. பிழைகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. 2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான்-3 மெல்ல இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இறங்கிப் பழகுவதற்கு நிலவு மண் வேண்டுமே! நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் அந்த மண்ணைச் செய்தார்கள். 2024 செப்டம்பரில், வெள்ளிக் கோளுக்கு ஒரு கலத்தை அனுப்பும் திட்டத்துக்கும் இந்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளது. மேகம் மறைத்ததால் லெ ஜான்தீ காணாமற்போன அதே வெள்ளி!

யாருக்காக?

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். ஹாலி தமக்காகக் கணக்கிடவில்லை. சோழி பரப்பிய தமிழர், பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிவைப்பார் என்று வாக்கியங்களை மனனம் செய்யவில்லை. காவலூரில் பெரிய தொலைநோக்கி ஒன்றை நிறுவ உழைத்த வைணு பாப்பு 1982இல் மறைந்தார், 2.34 மீட்டர் விட்டமுள்ள அந்தத் தொலைநோக்கி 1986இல்தான் திறக்கப்பட்டது. அவர் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவர் கண் அதில் படவில்லை.

நமது வட்டாரத்தில் எதிர்காலம் என்பது பெரும்பாலும் சனிக்கிழமைக் கூலி வரைதான் நீளும். அதற்குமேல் எண்ண அனுமதிக்காத வறுமையும், ஒரு தீப்பொறியில் ஒரு குடும்பமே சரியும் அச்சமும் இங்கு உண்டு. எத்தனை முறை கருகிய உடல்களுக்கு முன் நாம் பேச வாய் எழாமல் நின்றிருக்கிறோம்! இத்தகைய ஊரில், 2117 வரை கணக்கிட்டு வைத்திருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. நாளை என்பது அவர்களுக்கும் உரியது என்று சொல்வதாகும். தீபாவளி இரவில் வாணம் மேலே போய் அணைந்தபின், அந்தப் புகைக்கு அப்பாலும் பார்க்கும்படி நமது பிள்ளைகளின் முகவாயைச் சற்றே நிமிர்த்திவிடுவோம்.

அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்து, சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர்த் தாள் ஓட்டுகிறார். சென்ற ஆடிப் பதினெட்டில் ஆல்பத்தோடு நம்மைக் காண வந்தார். அவரிடம் நமது கடனை அடைத்தோம்: 2117 டிசம்பர் 11ஆம் நாள், நமது ஊரில் சூரியன் எழும்போதே அந்தக் கரும்புள்ளி அதில் இருக்கும், முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு நீங்கும். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அதை ஒரு தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். யாருக்காக என்று இம்முறை கேட்கவில்லை.